முட்டாரா நெபுலா போல நிஜத்தில் ஒன்று உண்டா? அதற்குள் கப்பல் ஒளிய முடியுமா?

1982இல் வந்த 'ஸ்டார் டிரெக் 2' படத்தில் எண்டர்பிரைஸ் விண்கப்பல் முட்டாரா நெபுலாவுக்குள், அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகத்துக்குள் புகுந்து, கண்ணு மண்ணு தெரியாத புகைக்குள் வில்லன் கானோடு சண்டை போடுமே, அதைத்தான் கேட்கிறீர்கள். ஒளிய முடியாது. ஆனால் அந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்கு 'அட, இது கணவாய் மீன் பீய்ச்சுகிற மை' என்றுதான் தோன்றியது.

எனக்கு ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கம். மாமா நாட்டுப்படகில் போய் வருவார். உயிரோடு கிடைத்த ஓட்டுக் கணவாயைக் கடல்தண்ணி வாளியில் விட்டால் ஒரு பீய்ச்சு பீய்ச்சும் பாருங்கள், முதலில் உருண்டையாக வரும், அப்புறம் நூல் நூலாகப் பிரிந்து, மடிப்பு மடிப்பாக விரிந்து, கொஞ்ச நேரத்தில் கணவாயே தெரியாது. படக்காரர்களும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார்கள்: ஒரு தொட்டியில் உப்புத்தண்ணீரும் நல்ல தண்ணீரும் நிரப்பி, அதில் ரப்பர் பால் கலவையைச் செலுத்தி, வண்ண விளக்கு அடித்துப் படம் பிடித்தார்கள்.

நிஜ நெபுலா இப்படி இருக்காது. நமக்கு நன்றாகத் தெரிகிற ஓரியன் நெபுலாவில் புளியங்கொட்டை அளவு இடத்தில் சில நூறு அணுக்கள், அடர்ந்த பகுதியில் பத்தாயிரம் போல இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். அப்புறம் ஏன் மேகம் போலத் தெரிகிறது என்றால், அதன் குறுக்களவு சுமார் 24 ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகிற தூரம்தான் ஒளியாண்டு). கடல்தண்ணியைக் கையில் அள்ளினால் கண்ணாடி, ஆழத்தில் பார்த்தால் நீலம், அதே கதை. 1,300 ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருந்தும் அதன் நடுவே இருக்கும் நட்சத்திரங்களைச் சின்ன தொலைநோக்கியிலேயே பார்க்க முடிகிறது. பக்கத்தில் நிற்கிற கப்பலைக் கான் கோட்டை விடுவானா?

பர்னார்ட் 68 போன்ற கரும் நெபுலாக்கள் பின்னால் உள்ள நட்சத்திரங்களை முழுசாக மறைக்கும்தான். ஆனால் பர்னார்ட் 68இன் அகலமே அரை ஒளியாண்டு, அதாவது 4.7 லட்சம் கோடி கி.மீ. அதற்கு அந்தப் பக்கம் போனால் மறையலாம், வாலைப் பிடித்துக்கொண்டு துரத்துகிறவனிடமிருந்து அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் அந்த நெபுலாவிலிருந்து ஒரு கிரகமே பிறக்கும். சில நிமிடத்தில் பிறப்பது அபத்தம், ஆனால் ஓரியன் நெபுலாவில் இளம் நட்சத்திரங்களைச் சுற்றி, கிரகங்கள் உருவாகக்கூடிய தூசுத் தட்டுகள் 150க்கு மேல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணில் பட்டிருக்கின்றன.

தை மாதம் நிலா இல்லாத ராத்திரி, ஒன்பது பத்து மணிக்கு நம் கடற்கரையில் நின்றால் ஓரியன் நெபுலா கிட்டத்தட்ட உச்சியிலேயே இருக்கும். வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குக் கீழே தொங்குகிற சின்ன வரிசையில் நடுவில் இருப்பது மட்டும் கலங்கலாக. பைனாகுலரில் பாருங்கள். படங்களில் வருகிற இளஞ்சிவப்பெல்லாம் கேமராவுக்குத்தான், கண்ணுக்குச் சாம்பல் திட்டுதான். மாமாவிடம் ஒருமுறை காட்டினேன். "கண்ணாடியைத் தொடைச்சுட்டுக் குடு மாப்ள" என்றார்.