வைப்பர் ரப்பர்: தோல் வேறு, உடம்பு வேறு

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வைப்பர் ரப்பரைப் பற்றித்தான். திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. ரப்பர் நம் வடசென்னைக்குப் பழகிய தொழில். அதனால் கேள்விகளும் ஆழமாகவே வருகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

வியாசர்பாடியில் சின்ன மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இயற்கை ரப்பர் பிளேடைக் குளோரின் கரைசலில் முக்கி எடுக்கிறோம். கண்ணாடியில் நன்றாக வழுக்குகிறது, ஆனால் மடக்கினால் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிகிறது. வாங்கும் ரப்பர் ஷீட் மோசமா?

பெரும்பாலும் ஷீட் காரணமாக இருக்காது. முக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி முழுக்க இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. குளோரின் அவற்றோடு சேர்ந்து மேல்தோலைக் கெட்டியாக்குகிறது. கெட்டியான தோல் கண்ணாடியைப் பிடித்து இழுக்காது. ஆனால் வைப்பர் திரும்பும் ஒவ்வொரு முறையும் பிளேடின் உதடு, அதாவது கண்ணாடியைத் தொடும் விளிம்பு, மறுபக்கம் சாய வேண்டும். தோல் தடித்துவிட்டால் அது வளையாது, வெடிக்கும். உராய்வைக் குறைப்பது தோலின் வேலை, நாள்பட உழைப்பது உடம்பின் வேலை. இரண்டையும் ஒன்றின் தலையில் கட்டினால் இரண்டுமே கெடும்.

ஒரே பேட்ச்சில் பத்துத் துண்டை எடுத்து, ஒன்றுக்கு ஒன்று நேரத்தைக் கொஞ்சம் கூட்டி முக்குங்கள். ஒவ்வொன்றையும் மடக்கி லென்ஸில் பாருங்கள். வெடிப்பும் இல்லாமல், ஈரக் கண்ணாடியில் இழுபடாமலும் போகும் நேரம் எதுவோ, அதை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். துண்டுகள் போகப் போகக் கரைசலின் வலு குறையும். அதனால் கரைசல் மாற்றும்போதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும். முக்கி எடுத்ததைச் சலவைச் சோடா கரைசலில் நனைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளோரின் கரைசலுக்குப் பயன்படும் ஹைப்போகுளோரைட்டில் அமிலம் விழுந்தால் குளோரின் வாயு எழும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இந்த வேலை நடந்தது. இரண்டு பையன்கள் மூச்சு முட்டி வெளியே ஓடிவந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. தொட்டிக்கு மூடியும், தரை மட்டத்தில் இழுக்கும் எக்ஸாஸ்டும் இல்லாமல் தொடாதீர்கள். கழிவை நடுநிலையாக்காமல் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் விடவும் கூடாது.

இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பருக்கு மாறினோம். அதே கரைசல், அதே நேரம். தோல் கெட்டியாகவே இல்லை. ஏன்? (மாதவரம்)

குளோரின் பிடித்துக்கொள்ள அங்கே இடம் இல்லை. இ.பி.டி.எம்.-இன் முதுகெலும்பில், அதாவது அதன் முக்கியச் சங்கிலியில், இரட்டைப் பிணைப்பு கிடையாது. பக்கக் கிளையில் மட்டும் கொஞ்சம் உண்டு. ரப்பரை வெடிக்கவைக்கும் ஓசோன் வாயு இந்த ரப்பரை எளிதில் வெட்ட முடியாததற்கும் இதே காரணம்தான். வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து ஓசோன் உண்டாகும் நம் சாலைகளுக்கு அது பெரிய பலம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு தோலுக்கு வேறு வழி பாருங்கள்: ஒட்டிப் பிடிக்கும் பைண்டரில் கலந்த கிராஃபைட் பூச்சு. இயற்கை ரப்பரோடு கலந்து பார்க்கலாம் என்றால், இரண்டும் ஒரே வேகத்தில் க்யூர் ஆகாது, அதாவது சூட்டில் வெந்து இறுகாது. ரப்பரை இறுக்கும் கந்தகமும் அதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரும் இயற்கை ரப்பர் பக்கமே அதிகம் போய்விடும். ரப்பர் கலவை தெரிந்த நல்ல காம்பவுண்டர் துணை இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

மோல்டிலிருந்து வரும் உதட்டு விளிம்பு மழுங்கலாக இருக்கிறது. தேய்த்துச் சரி செய்யலாமா? (திருவொற்றியூர்)

தேய்க்கவே கூடாது. உதட்டை உதட்டோடு ஒட்டி இரண்டு பிளேடை ஜோடியாக வார்த்து, நடுவில் கத்தியால் பிளப்பதுதான் முறை. கண்ணாடியில் தண்ணீரை வழிப்பது அந்தச் செங்கோண மூலை. கத்தி மழுங்கினால் மூலை பிசிறும், கண்ணாடியில் கோடு விழும். கத்தியை ஈரமாக வைத்து, மழுங்குவதற்கு முன்பே மாற்றுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். கனமழையில் வைப்பர் சத்தமே இல்லை. தூறல் நிற்கும்போதுதான் கடகடவென்று குதிக்கிறது. (மணலி)

மழை கொட்டும்போது பிளேடு தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து போகிறது. கண்ணாடி பாதி காய்ந்த நிலையில் உராய்வு ஏறிவிடும். ரப்பர் ஒட்டும், விடுபடும், மறுபடி ஒட்டும். அதுதான் அந்தக் குதிப்பு. டீசல் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் இன்னும் மோசம். கண்ணாடியையும் உதட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு பக்கம் போகும்போது மட்டும் குதித்தால், வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணூர் சாலையில் நாள் முழுக்க வெயிலில் வரிசையில் நிற்கும்போது உதடு ஒரு பக்கமே சாய்ந்து அப்படியே படிந்துவிடும். நிற்கும் நேரத்தில் கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கி வைத்தாலே பிளேடு அதிக நாள் வரும்.

மண்ணெண்ணெய் தடவினால் வழுக்கும் என்கிறார்களே?

வேண்டாம். இயற்கை ரப்பர், இ.பி.டி.எம். இரண்டுமே அதில் ஊறிப் பருத்துவிடும். பருத்த உதடு கண்ணாடியில் நேராக உட்காராது.