‘நார்மல்’ என்று வந்த இசிஜி தாளை நாமே படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

உங்கள் அப்பாவின் இசிஜி தாளில் மேலே ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கிறது, மருத்துவரும் பயமில்லை என்று சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்று யாரும் விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாகப் படிக்கலாம். பயிற்சி மருத்துவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தருகிறேன். இயந்திரம் அச்சிட்ட அந்த வரியை முதலில் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்வேன். அதைப் படித்துவிட்டால் பிறகு கண் எதையும் தேடாது. நீங்களும் மறைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் ஓரத்தில் வேகம் வினாடிக்கு 25 மி.மீ. என்றும், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம் என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. வேகத்தை 50-இல் வைத்து எடுத்திருந்தால் எல்லா அலைகளும் இரு மடங்கு அகலமாகத் தெரியும், நாம் போடும் கணக்கெல்லாம் தவறிவிடும்.

அடுத்து, தாளின் அடியில் நீளமாக ஓடும் வரி. பெரும்பாலும் அது இரண்டாவது லீடாக இருக்கும். இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கோணத்திலிருந்து பார்த்த பதிவுதான் லீடு. II, aVR, V1 என்று ஒவ்வொன்றின் பெயரும் தாளில் இருக்கும். உயர்ந்து நிற்கும் ஊசி முனைகள்தான் ஆர் அலைகள். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுங்கள். நான்கு கட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. 60 முதல் 100 வரை இயல்பு. நன்கு உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 60-க்குக் கீழே இருப்பதும் சாதாரணம். இளம் வயதினருக்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று நெருங்கி, விடும்போது விலகும். அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

இனி ஒரு துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதலில் வரும் சிறிய மேடு பி அலை. வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணுவில் பிறந்த மின்னோட்டம் மேலறைகளில் பரவுவதை அது காட்டுகிறது. மேலிருந்து கீழாக, இடப்பக்கம் நோக்கி அது போவதால் இரண்டாவது லீடில் பி அலை நிமிர்ந்தும், வலது தோள் பக்கத்திலிருந்து பார்க்கும் ஏவிஆர் லீடில் கவிழ்ந்தும் இருக்க வேண்டும். ஆர் முனையும் அதன் இருபுறமும் வரும் இறக்கங்களும் சேர்ந்ததுதான் க்யூஆர்எஸ், கீழறைகளில் மின்னோட்டம் பரவுவதை அது காட்டுகிறது. பி அலை தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம்வரை மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்கள், அதாவது 0.12 முதல் 0.20 வினாடி. அந்த நேரத்தில் பெரும் பகுதி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையில் உள்ள ஏவி கணுவில் ஏற்படும் தாமதம். மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளி முடிக்க அந்த அவகாசம் வேண்டியிருக்கிறது. அதன்பின் தாமதமே கிடையாது. கீழறைகளின் தசை எவ்வளவோ தடிமனாக இருந்தும், மூன்று சிறு கட்டங்களுக்குள் மின்னோட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. பர்கின்ஜி இழைகள் அதற்கென்றே அமைந்த விரைவுப் பாதைகள். க்யூஆர்எஸ் ஒல்லியாக இருந்தால் அந்தப் பாதைகள் சரியாக வேலை செய்கின்றன என்று பொருள்.

க்யூஆர்எஸ்ஸை அடுத்து வரும் எஸ்டி பகுதி, அலைகளுக்கு இடையே தட்டையாக ஓடும் அடிக்கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். இளம் ஆண்களுக்கு நெஞ்சில் ஒட்டும் வி2, வி3 லீடுகளில் சற்று உயர்ந்திருப்பது உண்டு. கடைசியில் வரும் டி அலை பெரும்பாலான லீடுகளில் நிமிர்ந்திருக்கும். ஏவிஆரில் அது கவிழ்ந்திருப்பதே சரி. மூன்றாவது லீடிலோ வி1-இலோ மட்டும் கவிழ்ந்திருந்தால் பதற வேண்டாம்.

நெஞ்சில் ஒட்டும் ஆறு லீடுகளையும் வரிசையாகப் பாருங்கள். வி1-இல் குட்டையாக இருக்கும் ஆர் அலை படிப்படியாக வளர்ந்து, வி3, வி4 அருகில் கீழ்நோக்கிய எஸ் அலையைவிடப் பெரிதாகிவிடும். வி1, வி2 இரண்டையும் நான்காவது விலா இடைவெளியில் ஒட்டாமல் மேலே ஏற்றி ஒட்டிவிட்டால் இந்த வளர்ச்சி குன்றியதுபோலத் தெரியும். கை வயர்கள் இடம் மாறிவிட்டால் முதல் லீடு முழுவதும் தலைகீழாகும், ஏவிஆர் நிமிர்ந்துவிடும். நல்ல இதயத்தைக்கூட நோயுள்ளதாகக் காட்டிவிடும் தவறுகள் இவை. ஆகவே விசித்திரமான ஒரு தாளைப் பார்த்தால், மருந்து எழுதும் முன் இன்னொரு முறை எடுக்கச் சொல்வேன்.

முதல் மூன்று லீடுகளும் இசிஜி முறையை உருவாக்கிய வில்லெம் ஐந்தோவன் நெதர்லாந்தின் லைடன் நகரில் வகுத்தவை. உப்புநீர்ப் பாத்திரங்களில் கைகளையும் ஒரு காலையும் அமிழ்த்தித்தான் அன்று பதிவு எடுத்தார்கள். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மறைத்த கையை எடுத்து, இயந்திரம் சொன்னதைப் படிக்கலாம். ‘நார்மல்’ என்ற அந்தச் சொல் அதிகபட்சம் பத்து வினாடிகளுக்குத்தான் பொறுப்பேற்கிறது. உங்கள் அப்பா அசையாமல் படுத்திருந்தபோது மின்னோட்டம் எப்படி இருந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தும், ஓய்வில் எடுத்த இசிஜி துளியும் மாறாமல் இருக்கலாம். மாரடைப்பு தொடங்கிய நேரத்தில் எடுத்த முதல் இசிஜிகூட இயல்பாக வரலாம். அதனால்தான் நெஞ்சுவலியோடு வருபவருக்குச் சிறிது நேரம் விட்டு மீண்டும் எடுக்கிறோம், இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் போன வாரத்துத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்நாட்டில் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

போகும்போது அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய பதிவு கையில் இருந்தால், இன்று தெரியும் மாற்றம் புதியதா, நெடுநாளாக உள்ளதா என்று எங்களால் உடனே சொல்ல முடியும். பல இயந்திரங்களில் பயன்படுவது வெப்பத்தால் அச்சாகும் தாள். நாளடைவில் மங்கும், லேமினேஷன் செய்தால் கறுத்துவிடும். இன்றைக்கே ஒரு நகல் எடுத்து, தேதியையும் அன்று அவருக்கு வலி ஏதும் இருந்ததா என்பதையும் அதில் பேனாவால் எழுதி வையுங்கள்.