கிரியேட்டினின் 1.6 வந்திருக்கிறது, கஷாயம் கொடுத்தால் குறையுமா?

அப்பாவுக்கு 58 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கிரியேட்டினின் 1.6 வந்திருக்கிறது, டயாலிசிஸ் வரை போகுமா, அதற்கு முன்னால் குறைக்க ஏதாவது கஷாயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த பதில்களில் ஆளுக்கொரு மூலிகை சொல்லியிருக்கிறார்கள். அப்பா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. என் அம்மாவின் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஃபைலில் போட்டு வைத்து, போகும்போதெல்லாம் டாக்டரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். 'படிக்காதவளெல்லாம் வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள்' என்று நினைப்பவர்கள் இதை விட்டுவிட்டு நேராகச் சிறுநீரக மருத்துவரிடம் போனால் எனக்குச் சந்தோஷம்தான். நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

கிரியேட்டினின் என்பது நோய் இல்லை. தசைகள் வேலை செய்வதில் தினமும் உண்டாகிற கழிவு. நல்ல சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து பிரித்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். தெருவில் குப்பை தேங்கிக் கிடந்தால் அள்ளுகிறவர் ஏன் வரவில்லை என்றுதானே பார்ப்போம்? அப்படி ஏன் தேங்கியது என்று பார்க்காமல் 'கிரியேட்டினினைக் குறைக்கும் மருந்து' தேடி அலைவதில் பிரயோஜனம் இல்லை.

அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு பயப்படவும் கூடாது, நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. 25 வயது இளைஞனுக்கும் 1.3, 68 வயதுப் பாட்டிக்கும் 1.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 78. பாட்டிக்கு 45தான். தசை குறைந்த உடம்பில் கழிவும் குறைவாகவே உண்டாகும், அதனால் எண் சின்னதாகத் தெரியும். இந்தத் திறனைத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். வயது, ஆணா பெண்ணா, கிரியேட்டினின் எவ்வளவு, இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவது. 2021ல் வந்த சூத்திரம்தான் இப்போது பரவலாக இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அதில் போட்டால் 50 பக்கம் வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹை' என்று போடுகிறவர்கள் இதையும் ஒரு வரி போட்டுக் கொடுத்தால் என்ன? பல இடங்களில் கேட்டால்தான் போடுகிறார்கள்.

இன்னொன்று, எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆனது. 0.7 இருந்தவருக்கு 1.4 ஆனால் 'கொஞ்சம்தானே ஏறியிருக்கு' என்போம். உண்மையில் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். ஏற்கெனவே 5 இருப்பவருக்கு 6 ஆனால் வீடே அழும், ஆனால் அதில் புதிதாக இழந்தது மிகக் குறைவு. கோட்டை விடுவது ஆரம்பத்தில்தான். அதனால் அப்பாவின் பழைய ரிப்போர்ட் எங்கே இருந்தாலும் தேடி எடுங்கள். போன வருடமும் 1.5 என்றால் அது ஒரு கதை, 0.9 இருந்தது என்றால் அது வேறு கதை, அவசரமும் வேறு.

இனி என் அம்மா விஷயம். 61 வயது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும், நீர் பிரிய வைக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை, காலையில் ஒன்று. சர்க்கரை கிடையாது. ஒரு கோடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே தள்ளாட்டம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் 1.9. முந்தின வருடம் 0.8 இருந்ததற்கு என்னிடம் ரிப்போர்ட் இருந்தது. செய்தி பரவியதும் சித்தப்பா டயாலிசிஸ் செலவைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், பெரியம்மா ஒரு லேகியத்தோடு வந்துவிட்டார். நான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீரகப் பிரிவு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "வீட்ல இருக்கிற மாத்திரை ஒண்ணு விடாம ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கம்மா. சீட்டு வேண்டாம், மாத்திரை வேணும்."

வீட்டில் தேடினேன். சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே கத்திரிக்கோலால் வெட்டின மாத்திரை அட்டைத் துண்டுகள். இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று வெட்டிக் கொடுத்தவை. பெயரில் பாதி இந்தத் துண்டில், மீதி வேறு யார் வீட்டுக்கோ போன துண்டில். தேதி எதிலும் இல்லை. மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த பெண் அவற்றை மேசையில் பரப்பி, மிச்சமிருந்த எழுத்துகளை ஒட்டவைத்துப் படித்தார். அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால். இன்னொரு வகையில் டைக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்கென்று தெருமுனை மெடிக்கலில் அம்மா வாங்கி வந்தவை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மாதக் கணக்கில். எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா டாக்டரிடம் கேட்டார்: "கால் வலிக்குத்தானே சார் போட்டேன், அது கிட்னிக்கு எதுக்கு சார் போகணும்?"

அவர் எரிந்து விழாமல், ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் உள்ளே போகிற குழாயைச் சுருக்குகின்றன. டெல்மிசார்ட்டன் வெளியே வருகிற குழாயைத் தளர்த்துகிறது. நீர் பிரிய வைக்கிற மாத்திரையும் வயிற்றுப்போக்கும் உடம்பில் நீரைக் குறைத்துவிட்டன. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது, பிறகு எது வடியும்? தனித்தனியாக இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும் என்றார்.

வலி மாத்திரையை நிறுத்தினார்கள், பிரஷர் மாத்திரையைத் தற்காலிகமாக மாற்றினார்கள், சலைன் ஏற்றினார்கள். கிரியேட்டினின் இறங்கியது. ஆனால் 1.2ல் நின்றுவிட்டது. பழைய 0.8 திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் '1.2 நார்மல்தானே' என்கிறார்கள். அம்மாவின் வயதுக்கு அதில் வடிகட்டும் திறன் 51 பக்கம்தான். முன்பு 84 இருந்தது. போன சிறுநீரகம் போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் டெல்மிசார்ட்டனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு நீண்ட நாள் நோக்கில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே அந்த வகை மாத்திரைதான். புதிதாக ஆரம்பிக்கும்போது கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினாலும் பெரும்பாலும் டாக்டர்கள் தொடரத்தான் சொல்வார்கள். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பது அவர்கள் வேலை.

மெடிக்கல் கடைக்காரர்கள் என்மேல் கோபப்படலாம். முழு அட்டை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வெட்டித்தானே கொடுக்க முடியும் என்பார்கள். புரிகிறது. டைக்ளோஃபெனாக் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. குறைந்தபட்சம் பெயர் இருக்கிற பக்கமாக வெட்டிக் கொடுக்கலாம், 'பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தோன்றலாம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கு அந்த முழங்கால் வலி எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வருடக் கணக்கில் நின்ற கால் அது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் பார்ப்பார். கழிவறைக்கு மேல்மாடி ஏற வேண்டும், போக அனுமதி கேட்க வேண்டும், அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அம்மா மட்டும் இல்லை, அந்தத் தளத்துப் பெண்கள் எல்லாரும். கேரளாவில் 2018ல், தமிழ்நாட்டில் 2021ல், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். அதற்குப் பிறகும் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் ஸ்டூல்கள் ஓரமாக அடுக்கிக் கிடக்கின்றன, பெண்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 'வியாபாரம் நடக்கும்போது உட்கார முடியுமா' என்று வாதம் செய்பவர்கள் ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கட்டும்.

சரி, கஷாயத்துக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் முதலில் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்பார். நான் பயப்படுவது வாட்ஸ்அப்பில் வருகிற, என்ன கலந்தது என்றே தெரியாத சமாச்சாரங்களுக்கு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் ஒரு வகைச் சிறுநீரக நோய் வருவதைக் காட்டியிருக்கிறார்கள். அதில் பாதரசத்தின் மேல்தான் சந்தேகம். இயற்கையானது என்றால் கெடுதல் செய்யாது என்பதும் சரியில்லை. இரும்பன்புளிச் சாற்றை அளவுக்கு மீறிக் குடித்து, அதிலுள்ள ஆக்ஸலேட்டால் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பழுதுபட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது, அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அதனால் இளநீர்கூட டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். 'தண்ணீரை நிறையக் குடி, சரியாகிவிடும்' என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. கால் வீக்கம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது எதிராகத் திரும்பும்.

டயாலிசிஸ் பயத்துக்குப் பதில்: வடிகட்டும் திறன் 50ல் இருக்கிறவருக்கு அது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பொதுவாக 15க்குக் கீழே இறங்கிய பிறகு, உடம்பில் தெரிகிற தொந்தரவுகளையும் பார்த்துத்தான் அந்தப் பேச்சே வரும். பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு கடைசி வரை டயாலிசிஸ் பக்கமே போகாதவர்கள் நிறைய. ஒருவேளை தேவைப்பட்டாலும் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, வீட்டை விற்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ, முகம் கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் முதல் வேலை டாக்டரைப் பார்ப்பது. திரும்ப எப்போது ரத்தம் எடுப்பது என்று அவர் சொல்வார். எடுப்பதற்கு முந்தின ராத்திரி மட்டன் பிரியாணி வேண்டாம், கடுமையான உடற்பயிற்சியும் வேண்டாம், இரண்டுமே கிரியேட்டினினை ஏற்றும். முடிந்தவரை அதே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் 0.1, 0.2 மாறும். கூடவே சிறுநீரில் ஆல்புமின் (அது ஒரு புரதம்) கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். 30க்குக் கீழ் நல்லது, 300ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டியது. இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்னாலேயே இதில் தெரிந்துவிடும். ஒரு ஸ்கேனும் எடுப்பார்கள். குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர் வைப்பார்கள்.

அதற்கு முன் இன்றைக்கு ராத்திரியே அப்பாவின் மாத்திரைகளை எடுத்து வைத்துப் பாருங்கள். சட்டைப் பை, ஸ்கூட்டர் டிக்கி, அலுவலக மேசை டிராயர் உட்பட. மூட்டு வலிக்கு, தலைவலிக்கு, அல்சருக்கு என்று அவரே வாங்கிப் போடுவதும் அதில் வர வேண்டும். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் ஒளித்து வைப்பார்கள். எல்லாவற்றையும் பையில் போட்டு, பழைய ரிப்போர்ட்டோடு டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.