கம்பியைத் தளர்த்துங்கள், தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது. செங்காங்கில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கிட்டார் ஆசை. அப்போது வீட்டில் வசதி இல்லை. போன வருஷம் சமூக மன்றத்தில் பத்து வார வகுப்பில் சேர்ந்தேன், வேலை காரணமாகப் பாதியில் விட்டுவிட்டேன். அப்புறம் யூடியூப் பார்த்து நானே பழகினேன். இப்போது ஓர் ஆசிரியர் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை போகிறேன், மணிக்கு 60 வெள்ளி. அங்கே அவருடைய கிட்டாரில் வாசிக்கும்போது பரவாயில்லை. வீட்டில் வாசித்தால் விரல் நுனியெல்லாம் எரிகிறது, எஃப் கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற பிடி, வரவே மாட்டேன் என்கிறது. வீட்டில் இருப்பது என் மகளின் பழைய கிட்டார். உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருஷம் கிட்டார் குழுவில் இருந்தாள், வெளி வகுப்புக்கும் போனாள். ஓ நிலைத் தேர்வு வருகிறதே என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கிட்டார் சும்மாதான் கிடந்தது. நைலான் கம்பியில் சத்தம் போதவில்லை என்று ஸ்டீல் கம்பி மாட்டிக்கொண்டேன்.

அலுவலக நண்பர்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை மாலையில் சேர்ந்து வாசிக்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். போனால் மானம் போய்விடுமோ என்று தயக்கம். வீட்டிலும் ஒத்துழைப்பு இல்லை. நான் கிட்டாரை எடுத்தாலே மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆசிரியர், சொந்தப் பயிற்சி, குழு, இதில் எனக்கு எது சரி? இந்த வயதில் கிட்டார் வருமா?

- பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: தம்பி, மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்தக் கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்துங்கள். ஒரே கம்பியை முழுக்க இறக்காமல், ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக. நான் காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? சரி. நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டார் வேறு, ஸ்டீல் கம்பிக்கென்று செய்த கிட்டார் வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நைலான் கம்பி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ பாரத்துக்கு இழுக்கும். ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்தால் 70 கிலோவைத் தொடும். உங்கள் மகளின் கிட்டாருக்குள் மேல்பலகையைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டங்கள் அந்தப் பாரத்துக்காக ஒட்டியவை இல்லை. கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பலகை வயிறு வைத்திருந்தால் அது உங்கள் கைங்கரியம். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் பிரிட்ஜே பெயர்ந்து கையோடு வந்துவிடும். கழுத்தும் முன்பக்கம் வளையும். கழுத்து வளைந்தால் கம்பி, விரல் வைக்கிற பலகையிலிருந்து எழும்பி நிற்கும், எழும்பின கம்பியை அழுத்த விரல் படாத பாடு படும். நம்மூர் ஈரக்காற்றில் மரம் ஏற்கெனவே ஊதிக்கொண்டு கிடக்கிறது, கேட்கவே வேண்டாம். ஆசிரியர் வீட்டில் வருகிற எஃப் உங்கள் வீட்டில் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறதா? வயதைக் குற்றம் சொல்ல முன்னால் கம்பியைப் பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம் எந்தக் கிட்டார் கடைக்காரரும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கடைக்குப் போக வேண்டாம், அடுத்த அறையில் இருக்கிற பெண் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். நான் கேட்க வந்தது அதைத்தான். ஏன் அவளிடம் கேட்கவில்லை?

நான்கு வருஷம் பள்ளிக் கிட்டார் குழுவில் இருந்த பெண் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது என்ன என்று தெரியுமா உங்களுக்கு? நம் பள்ளிகளில் கிட்டார் குழு வைத்தால் முப்பது நாற்பது பிள்ளைகள் நைலான் கம்பி கிட்டாரோடு வரிசையாக உட்காருவார்கள். ஜப்பானிலிருந்து வந்த நீபோரி முறையில் ஆல்ட்டோ, பிரைம், பேஸ், கான்ட்ராபேஸ் என்று சின்னதும் பெரியதுமாகக் கிட்டார்கள். ஆளுக்கொரு பகுதி. முழுப் பாட்டு ஒருவர் கையிலும் இருக்காது. சிங்கப்பூர் இளையர் விழாவுக்கு ஒரு பாட்டை மாதக்கணக்கில் தேய்ப்பார்கள். பள்ளி முடிந்து ஐந்து மணி, ஆறு மணி வரை. உங்கள் மகள் எந்தப் பகுதி வாசித்தாள்? கடிதத்தில் அது இல்லை. நீங்கள் மறந்து எழுதாமல் விட்டீர்களா, உங்களுக்கே தெரியாதா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி ஏறியிருப்பது கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரியும். கண்ணால் பார்க்க வேண்டாம், சத்தம் போதும். தன் கிட்டார் வீணாகப்போகிறது என்று தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். நீங்கள் அதற்கு 'ஒத்துழைப்பு இல்லை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

தேர்வுக்காக நிறுத்தியதை நான் குறை சொல்லப்போவதில்லை. நானும் இரண்டு பிள்ளைகளை இந்த ஊரில் வளர்த்தவள். ஓ நிலை வருஷத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கே துணி போட்டு மூடியவள். ஆனால் தேர்வு நவம்பரில் முடிந்துவிடும், தம்பி. டிசம்பரில் 'வகுப்புக்குப் போறியாம்மா' என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். 'நிறுத்திவிட்டோம்' என்றும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், 'சும்மாதான் கிடந்தது' என்றும் நீங்கள்தான். நிறுத்தியவரே வந்து சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக்கொள்வதற்கு எங்கள் காலத்தில் வேறு பெயர் இருந்தது.

நாங்கள் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். என் அண்ணன் மிருதங்கம் வாசிப்பார். பரீட்சையில் தவறிய வருஷம் அப்பா அதைத் தூக்கிப் பக்கத்து வரிசை வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டார். அவனும் ஆசையாகத்தான் தட்டுவான். ஆனால் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை; தொப்பி என்கிற அந்த இடப்பக்கத்திலிருந்து கும்மென்ற நாதம் வராது, தகர டப்பா மாதிரி கேட்கும். தினமும் சாயங்காலம் அது எங்கள் ஜன்னலுக்கு வரும். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். எழுந்து போய், 'டேய், ரவை போடுடா' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. அப்பாவும் சாகும் வரை, 'அவனுக்கே ஆர்வம் விட்டுப்போச்சு' என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்தது பிள்ளையுடையது. நாம் காசு கொடுத்தோம் என்பதால் அது நம்முடையதாகிவிடாது. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை கடுமையாக எழுதியிருக்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டிய இடமும் உண்டு. இது அந்த இடம்.

இனி உங்கள் கேள்விகள். மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் மூன்று வேலைக்கு. நானே 58 வயதில் சமூக மன்ற வகுப்பில் போய் உட்கார்ந்தவள், சுமாராக வாசிப்பேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். யூடியூப் உங்கள் மணிக்கட்டைப் பார்க்காது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடான ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் விரல் விழுகிறதா, கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் சரியாக நிற்கிறதா என்று பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் 60 வெள்ளி. ஆனால் மாதம் இரண்டு மணி நேரத்தில் விரல் பழகாது. தினம் பதினைந்து நிமிஷம் வீட்டில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து வைத்து வாசித்தால் விரல்தான் புண்ணாகும். ஜி-யிலிருந்து சி-க்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி ஒரு தாளில் குறித்துவாருங்கள். எஃப்-ஐ முழுசாக ஆறு கம்பிக்கும் இப்போதே பிடிக்க வேண்டியதில்லை, மெல்லிய கம்பி நான்கில் மட்டும் பிடிக்கிற சின்ன எஃப் இருக்கிறது, ஆசிரியரிடம் கேளுங்கள்.

சனிக்கிழமைக் குழுவுக்குக் கட்டாயம் போங்கள். மானம் போகும். எனக்கும் போனது. தனியாக வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி: கார்டு மாற்றும்போது பாட்டை நிறுத்திவிட்டு, விரலைத் தேடி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தனக்குத் தெரியவே தெரியாது. குழுவில் உங்களுக்காக யாரும் நிற்கமாட்டார்கள், அதனால் அங்கே போன முதல் நாளே தெரிந்துவிடும். இடது கை தவறினால் தவறட்டும், கம்பிமேல் சும்மா கிடத்திவையுங்கள். வலது கை மட்டும் தாளத்தை விடக்கூடாது. முடியாவிட்டால் நாலு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வகுப்பில் இருந்த பதினாறு வயதுப் பையன்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குச் சலித்துவிட்டது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்டீல் கம்பியை முழுக்கக் கழற்றுங்கள். மகளிடம் போய், 'உன் கிட்டாரைக் கேட்காம எடுத்தேன், கம்பிய மாத்திக் கெடுத்துவெச்சிருக்கேன்' என்று அப்படியே சொல்லுங்கள். கூடவே, 'நீதான் இப்போ வாசிக்கிறதில்லையே' என்று சேர்த்துவிடாதீர்கள், வாய் வரைக்கும் வரும். 'எனக்கு எஃப் சொல்லிக்கொடு' என்றும் போய் நிற்காதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் டியூஷன் கேட்கிறவரை என்னவென்று சொல்வது? சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் இருக்கின்றன, தெரிந்திருக்கும். அங்கே கொண்டுபோய்க் கழுத்தையும் பிரிட்ஜையும் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள், நல்ல நைலான் கம்பி போடச் சொல்லுங்கள். என்ன கம்பி என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அவளுக்குப் பிடித்த வகை ஒன்று இருக்கும். உங்களுக்கு ஸ்டீல் சத்தம்தான் வேண்டுமென்றால் அதே கடையில் உங்கள் காசில் உங்களுக்கென்று ஒரு கிட்டார் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட வருகிறாயா என்று கேளுங்கள். வந்தால் வரட்டும். வரவில்லை என்றால் தனியாகப் போய்விட்டு வந்து, கிட்டாரை உறையோடு அவள் அறை வாசலில் சாய்த்து வைத்துவிடுங்கள். பழுதுபார்த்த பில்லை மட்டும் உறைக்குள் விட்டுவைக்காதீர்கள்.