பழைய வயர்லெஸ் மைக்: பணம் கொடுக்கும் முன் எழுத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். நான்கு வருடமாகத் தமிழ் நாடகப் படப்பிடிப்புகளில் பூம் (நீளக் கம்பியில் மாட்டிய மைக்) பிடிக்கிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் ஓர் ஆவணப்படம், முதல் முறையாக ஒலிப்பதிவு முழுவதும் என் பொறுப்பு. தெரிந்த அண்ணன் ஒருவர் இரண்டு பழைய சென்ஹைசர் ஜி3 வயர்லெஸ் மைக் செட்டை 2,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறார். ‘எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளலாம், வாங்கினால் மாதம் நாலு ஷூட்டிங்கும் பிடித்துத் தருகிறேன்’ என்கிறார். கையில் 4,000 வெள்ளி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தச் செட்டின் அடையாள ஒட்டியில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜி3, ஜி4 வகையில் ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. ‘ஏ’ என்றால் 516 முதல் 558 மெகாஹெர்ட்ஸ். ‘ஜி’ 566 முதல் 608. ‘பி’ 626 முதல் 668. ‘சி’ 734 முதல் 776. ‘டி’ 780 முதல் 822. உங்கள் அண்ணன் காட்டுவது சி அல்லது டி என்றால் 2,800 இல்லை, 280 வெள்ளிக்கும் வேண்டாம்.

காரணம் எளிது. சி, டி ஓடும் அந்த இடத்தில் முன்பு பழைய அனலாக் தொலைக்காட்சி ஓடியது, மைக்குகளும் இடுக்கில் பிழைத்துக்கொண்டன. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிக்குப் போனது. 703 முதல் 748 வரை கைப்பேசி பேசும், 758 முதல் 803 வரை கோபுரம் பேசும். சி செட்டின் அளவை இதன் மேல் வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் போன், மறுபக்கம் கோபுரம்.

எனக்கு இது புரிந்தது ஒரு வரவேற்பறைக் காட்சியில். நடிகரின் ஜிப்பாவுக்குள் மைக், இடுப்பில் ஒலியை அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். நான் கொண்டுபோயிருந்தது ஒரு பழைய சி செட். வசனம் சுத்தமாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு பொரியல். வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், ஆன்டெனாவைத் திருகிப் பார்த்தேன். மூன்றாவது டேக்கில்தான் கவனித்தேன், அவர் ஜிப்பாப் பைக்குள் போன் மின்னிக்கொண்டிருந்தது. அதை வாங்கி உதவியாளரிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பியதும் பொரியல் நின்றது. ஒரு போனை வெளியே அனுப்பலாம். தைப்பூசத்தன்று பத்துமலையில் யாரிடமிருந்து போனை வாங்குவீர்கள்? 272 படியிலும் ஆள் நிற்பார்கள், ஆளுக்கொரு போன் நேரலையில் இருக்கும்.

‘எந்த அலைவரிசைக்கும் மாற்றலாம்’ என்பது பாதி உண்மை, அதனால்தான் ஏமாற்ற வசதியாக இருக்கிறது. ஒரு செட்டுக்குள் 42 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். அந்த அகலத்துக்குள் 1,680 இடங்களுக்கு மாற்றலாம், அதற்கு வெளியே ஓர் இடத்துக்கும் போகாது. அது உள்ளே இருக்கும் வடிகட்டியின் எல்லை. மெனுவை எவ்வளவு தட்டினாலும் சி என்பது பி ஆகாது.

தரகர்கள் செய்யும் இன்னொரு வேலை, டிரான்ஸ்மிட்டர் ஒரு வீட்டிலிருந்தும், அதன் அலையை வாங்கும் ரிசீவர் இன்னொரு வீட்டிலிருந்தும் சேர்த்து ‘ஜோடி’ என்று விற்பது. எழுத்து வேறு வேறாக இருந்தால் ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழாது. ஒட்டியின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். இந்த வகையில் போலிச் சரக்கும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மலிவுச் செட் என்று பி எழுத்தும் கிடைக்கும். அங்கே 614 முதல் 698 வரையுள்ள பெரும்பகுதியில் 2020 ஜூலை 13-க்குப் பிறகு மைக் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம். அது அவர்கள் நாட்டுக் கதை. இங்கே நாம் பார்க்க வேண்டியது எம்.சி.எம்.சி. (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) சான்று ஒட்டி இருக்கிறதா என்பது. அது இல்லாத செட்டை எடுக்காதீர்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராமல் இல்லை. அலைவரிசை மாறிய செய்தி கைப்பேசி நிறுவனங்களுக்கெல்லாம் முறையாகப் போய்ச் சேர்ந்தது. கோயில் மேடைக்கு மைக் வாடகைக்கு விடுகிறவருக்கும், கல்யாண வீடியோக்காரருக்கும், நம்மைப் போல நாள்கூலிக்குப் படப்பிடிப்பு போகிறவருக்கும் யார் போய்ச் சொன்னார்கள்? விதிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அட்டவணையாகக் கிடக்கின்றன. பெரிய பெயர் போட்ட பழைய செட் கை மாறிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் வாங்குகிற பையன்தான் நஷ்டப்படுகிறான்.

சரி, தைப்பூசத்துக்கு என்ன செய்வது? ரோட், டிஜேஐ போன்ற சின்னப் பெட்டி மைக்கைப் பற்றிக் கேட்பீர்கள். அவை 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபை ஓடும் அதே இடம். எழுத்துக் கவலை கிடையாது. ஆனால் இந்த அலையை மனித உடம்பு உறிஞ்சிவிடும். பேசுகிறவர் திரும்பி நின்றாலே தடுமாறும், நடுவில் நூறு பேர் வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கூட்டத்தில் வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில செட்டுகளில் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும். ரோட் வயர்லெஸ் கோ 2-இல் அந்த வசதி உண்டு, அதற்கு முந்தைய முதல் கோவில் கிடையாது. பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே பதிவாகிறதென்றால் காற்றில் எத்தனை முறை அறுந்தாலும் காவடி எடுப்பவரின் மார்பில் இருக்கும் பெட்டிக்குள் முழு ஒலியும் பத்திரம். ஆனால் அது தானாக நடக்காது. வீட்டிலேயே செயலியில் உள்பதிவை இயக்கி, ஐந்து நிமிடம் பேசி, கோப்பைக் கணினிக்கு மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். களத்தில் ஒவ்வொரு முறை கேமரா ஓடும்போதும் கைதட்டி அடையாளம் வைக்க வேண்டும், இல்லையென்றால் படத்தொகுப்பாளர் ஒலியைப் படத்தோடு பொருத்தத் திண்டாடுவார். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வியர்வையும் மஞ்சள் நீரும் பெட்டிக்குள் இறங்காமல் மெல்லிய பிளாஸ்டிக் உறை போடுங்கள். இதெல்லாம் செய்தால் சின்னப் பெட்டியும் உங்களைக் காப்பாற்றும்.

கையில் உள்ள 4,000-ஐ ஒரு நல்ல பூம் மைக்கிலும், உங்களிடம் இன்னும் இல்லையென்றால் ஒரு ரெக்கார்டரிலும் போடுங்கள். மைக் பழையதானாலும் அலைவரிசை மாறி வீணாகாது. வயர்லெஸை அந்தந்த வேலைக்கு வாடகைக்கு எடுங்கள், அந்த வாடகையைத் தயாரிப்பாளரிடம் உங்கள் கூலிக்கு வெளியே தனி வரியாக எழுதிக் கேளுங்கள். ‘எல்லாம் சேர்த்து பேக்கேஜ்’ என்று ஒரே தொகையில் முடிக்கப் பார்ப்பார்கள். அப்படி முடித்தால் கருவிக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மாதம் நாலு ஷூட்டிங் தருகிறேன் என்ற வாக்கும் இதே வகைதான். வேலை தருபவர் வேலை தரட்டும், அதற்கு முன்பணமாக அவர் பழைய சரக்கை ஏன் நீங்கள் எடுக்க வேண்டும்?

அதையும் மீறி ஏ, ஜி, பி எழுத்தில் நல்ல செட் கிடைத்தால் வீட்டு வரவேற்பறையில் சோதிக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்து வைத்து, பத்துமலை வாசலிலேயே ரிசீவரை ஸ்கேன் செய்ய விடுங்கள். அங்கே டிஜிட்டல் தொலைக்காட்சியும் உண்டு, காலியான இடம் ஊருக்கு ஊர் மாறும். அப்புறம் இரண்டு செட்டையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒருவர் மைக்கைக் குத்திக்கொண்டு முதுகைக் காட்டியபடி முப்பது அடி நடக்கட்டும், நீங்கள் ஹெட்ஃபோனில் கேளுங்கள். விற்கிறவரை அங்கே கூப்பிடுங்கள். வர மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.