கேட் (CAD, கணினி வடிவமைப்பு) மாடலில் பாகம் பாகமாக மெட்டீரியல் கொடுக்கத்தான் வேண்டுமா? கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் போதாதா?

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் யாரும் கடைசியில் பார்த்து நான் கண்டதில்லை. நீங்கள் அநேகமாக வேலைக்குப் புதிது. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் மாடல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டிராயிங் எப்போது வரும் என்று மேலே இருப்பவர் நச்சரிக்கிறார். சரிதானே? அவசரம் புரிகிறது. ஆனாலும் பல வருடமாக டிராயிங் செக் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாகத்தைத் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

மெட்டீரியல் கொடுக்காவிட்டாலும் சாலிட்வொர்க்ஸ் எடை காட்டும், அதுதான் வம்பு. டெம்ப்ளேட்டை, அதாவது புதுப் பாகம் தொடங்கும் மாதிரிக் கோப்பை, மாற்றியிராவிட்டால் கன மீட்டருக்கு 1000 கிலோ, அதாவது தண்ணீரின் அடர்த்தியை, அதுவே எடுத்துக்கொள்ளும். 500 × 400 × 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட் 31.4 கிலோ வரவேண்டும். 4 கிலோ என்று வந்து நிற்கும். ஃப்யூஷன் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் நேர்மாறு: அங்கே ஸ்டீல்தான் ஆரம்ப மெட்டீரியல், மாற்ற மறந்தால் பிளாஸ்டிக் மூடியும் இரும்பு கனம் கனக்கும்.

ஒற்றை பிளேட் என்றால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அசெம்பிளியில்தான் மாட்டிக்கொள்வோம். ஒரு டிரைவ் யூனிட் செக்கிங்குக்கு வந்தது. பேஸ் பிரேம், ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் பேரிங் ஹவுசிங். திறந்தால் கண்ணைப் பறிக்கிறது: பிரேம் சாம்பல், மோட்டார் நீலம், புஷ்ஷில் பித்தளை மினுமினுப்பு. மொத்த எடையும் நான் தாளில் போட்ட உத்தேசக் கணக்குக்கு ஒட்டியே இருந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு உறுத்தியது புவியீர்ப்பு மையம். அது மோட்டாரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். பிரேம் பாகங்களில் 'மெட்டீரியல் நாட் ஸ்பெசிஃபைடு'. சாம்பல் நிறம் வெறும் அப்பியரன்ஸ், திரையில் தெரியும் தோற்றம். எடைக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மோட்டார், சப்ளையரிடமிருந்து வந்த ஸ்டெப் கோப்பு (பொதுவான 3டி வடிவக் கோப்பு). உள்ளே சுருள் கிடையாது, காற்று இடைவெளி கிடையாது, மோட்டார் வடிவில் ஒரே கெட்டிக் கட்டி. அதற்குப் போய் ஸ்டீல் கொடுத்திருந்தார்கள்! கேட்டலாக் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரேமில் விட்டதை மோட்டார் பிடித்துக்கொடுத்ததால் மொத்தம் நல்லபிள்ளையாகத் தெரிந்திருக்கிறது. தூக்குவதற்கான ஐபோல்ட்டுகளின் இடம் அந்த மையத்தை நம்பித்தான் குறிக்கப்பட்டிருந்தது. அப்படியே செய்து கிரேனில் மாட்டியிருந்தால் ஹவுசிங் பக்கம் சாய்ந்திருக்கும்.

வாங்கிப் போடும் சாமான்களுக்கு எடை காட்டும் மாஸ் பிராப்பர்ட்டீஸில் ஓவர்ரைடு செய்து, அதாவது மென்பொருள் போட்ட கணக்கைத் தள்ளிவிட்டு, கேட்டலாக் எடையைப் போட்டுவிடுங்கள். மையம் தெரிந்தால் அதையும் சேர்த்து. உங்கள் சொந்தப் பாகத்தில் மட்டும் அந்த வேலை வேண்டாம். வடிவத்தை நாளைக்கு மாற்றினாலும் எடை பழையபடியே நிற்கும்.

'நாங்கள் சின்ன ஃபிக்ஸ்சர் (வேலைப் பொருளைப் பிடித்துவைக்கும் அமைப்பு) போடுகிறோம், எங்களுக்கு எதற்கு இதெல்லாம்' என்று ஒருவர் சண்டைக்கு வருவார். உங்களுக்கு வேண்டாம் சார், விட்டுவிடுங்கள். எடையும் வலிமையும் கணக்கில் வருகிற வேலையைத்தான் சொல்கிறேன்.

வலிமை என்றதும் இன்னொன்று. மெட்டீரியல் லைப்ரரியில் 6061 அலாய் என்ற அலுமினியமும் இருக்கும், அதையே சூடாக்கிப் பதப்படுத்திய 6061-டி6 என்பதும் இருக்கும். அடர்த்தி 2700, யங்ஸ் மாடுலஸ் (விறைப்பின் அளவு) சுமார் 69 ஜிகாபாஸ்கல், இரண்டுக்கும் ஒன்றுதான். யீல்டு (நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் அளவு) மட்டும் முதலாவதுக்குச் சுமார் 55 மெகாபாஸ்கல், டி6-க்கு 275. மாற்றித் தேர்ந்தெடுத்தாலும் எடை சரியாக வரும், வளைவும் சரியாக வரும், பாதுகாப்புக் காரணி மட்டும் ஐந்து மடங்கு புரளும். எதைப் பார்த்துச் சந்தேகப்படுவீர்கள்? அப்புறம், கஸ்டம் லைப்ரரியில் ஒரு மதிப்பைத் திருத்தினால் ஏற்கெனவே கொடுத்த பாகங்கள் தானாக மாறாது. பாகத்துக்குள் தனிப் பிரதி இருக்கிறது. மறுபடி அப்ளை செய்யவேண்டும். ஆளுக்கொரு லைப்ரரி வைத்துக்கொள்ளாமல் சர்வரில் பொதுவாக ஒன்று வைத்து எல்லோருக்கும் அதையே காட்டுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். டைட்டில் பிளாக்கின் 'செக்டு பை' கட்டத்தில் என் இனிஷியலை டெம்ப்ளேட்டிலேயே அடித்து வைத்துவிடுகிறார்கள். நான் கண்ணால் பார்க்காத ஷீட்டிலும் நான் செக் செய்ததாக இருக்கும். கேட்டால் 'ஃபார்மாலிட்டிதானே சார்' என்கிறார்கள். ரெண்டர் படம் போட்டவருக்குப் பாராட்டு, தப்பைப் பிடித்தவன் வேலையைத் தாமதப்படுத்துகிறவன்! என் இனிஷியலை டெம்ப்ளேட்டில் அடிக்கத் தெரிகிறவர்களுக்கு மெட்டீரியலை வைக்கத் தெரியாதா? எம்.எஸ்-க்கு ஒரு பார்ட் டெம்ப்ளேட், அலுமினியத்துக்கு ஒன்று, எஸ்.எஸ். என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஒன்று. புதுப் பாகம் திறக்கும்போதே மெட்டீரியலோடு திறக்கும்.