தயிர் உறையாத பால், பாதியில் நின்ற மருந்து, குர்பானிக் காளை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்டிபயாட்டிக் பற்றித்தான். பால் குடிப்பவர், மாடு வளர்ப்பவர், கறி சமைப்பவர் என எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) பசும்பால் வாங்குகிறேன். இரண்டு நாளாகத் தயிர் உறையவே இல்லை. மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார்கள் என்கிறார் மாமியார். நன்றாகக் காய்ச்சினால் சரியாகிவிடுமா? (பட்டர்வொர்த் வாசகி)

மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அம்மா. பாலைத் தயிராக்குவது உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்கள். மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இறங்கியிருந்தால் அவற்றையும் முடக்கிப்போடும். ஆனால் பால்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் அதே உறைமோரைக் கடைப் பாலில் விட்டுப் பாருங்கள். அதுவும் உறையாவிட்டால் உறைமோர் கெட்டுவிட்டது, அல்லது பால் சூடாக இருக்கும்போதே ஊற்றியிருக்கிறீர்கள். கடைப் பால் உறைந்து கம்பத்துப் பால் மட்டும் தண்ணீராக நின்றால், "மாட்டுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?" என்று கேளுங்கள். தயிர் உறைந்துவிட்டால் மருந்தே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். தயிரைத் தடுக்காத அளவிலும் மருந்து இருக்கலாம்.

காய்ச்சினால் கிருமி சாகும், மருந்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம். அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ பாலில் பென்சிலின் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் நான்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும் நாளில் பாலுக்குக் கிராக்கி. மாட்டுக்கு மருந்து போட்டதால் விற்காமல் ஒதுக்கி வைத்த பாலை, "அபிஷேகத்துக்குத்தானே" என்று விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். அபிஷேகப் பாலைப் பிரசாதமாகக் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மடி வீக்கம். டாக்டர் கொடுத்த டியூபில் இரண்டைக் காம்பில் ஏற்றியதும் பால் தெளிந்துவிட்டது. மீதியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா? ஊசி மருந்தைக் கண்ணளவில்தான் போடுகிறேன். (சுங்கை பாக்காப்)

வைக்காதீர்கள், தம்பி. பால் தெளிந்தது வீக்கம் இறங்கியதற்கு அடையாளம், கிருமி ஒழிந்ததற்கு அல்ல. பாதியில் விட்டால் மடிக்குள் பதுங்கியிருப்பவை மறுபடி கிளம்பும். எத்தனை டியூப், எத்தனை மணி நேர இடைவெளி என்பதை டாக்டர் சொன்னபடியே முடியுங்கள். மீதி டியூபை வேறு மாட்டுக்குப் போடுவதும் ஊகம்தான், அதன் மடியில் இருப்பது வேறு கிருமியாக இருக்கலாம்.

கண்ணளவு இன்னும் மோசம். நான் பார்த்தவரை பெரிய மாட்டை எல்லாரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மருந்து குறைந்தால் பலவீனமான கிருமி சாகும், தாங்கக்கூடியது பிழைத்துப் பெருகும். தராசு இல்லாவிட்டால் தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 130 என்றால் 307 கிலோ.

மருந்தைவிட நான் அதிகம் வற்புறுத்துவது ஒரு நோட்டுப் புத்தகம். எந்த மாடு, என்ன மருந்து, எவ்வளவு, கடைசி ஊசி எந்தத் தேதி, பாலை எதுவரை ஒதுக்க வேண்டும், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணியும் கட்டுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் இரவு ஊசி போட்டுவிட்டு, காத்திருப்பு நாளை, அதாவது மருந்துக்குப் பின் பாலையோ கறியையோ பயன்படுத்தாமல் பொறுத்திருக்க வேண்டிய நாளை, பெரியவரிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விடியற்காலையில் கறந்தது அவர் மருமகன். அந்த ஒரு மாட்டுப் பால் சேகரிப்பு டாங்கியில் கலந்து, சோதனையில் பிடிபட்டு, ஊர்ப் பால் முழுவதும் சாக்கடைக்குப் போனது. எழுதிக் கொடுக்காதது என் தப்பு.

நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்புகளைக் கிருமிநாசினியில் முக்குங்கள். இந்த இரண்டையும் விடாமல் செய்தால் டியூப் செலவே குறையும்.

ஒதுக்கிய பாலைக் கொட்ட மனசு வரவில்லை. கன்றுக்குக் கொடுக்கிறேன். (அதே வாசகர்)

பலரும் செய்வதுதான். கன்றின் குடலில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போனால், அங்கே மருந்துக்கு அடங்காத கிருமிகள் தங்கிவிடும். பிறகு கன்றுக்குக் கழிச்சல் வரும்போது ஊசி கேட்காது. கொட்டுங்கள்.

கோமாரிக்கும் தோல் கழலைக்கும் ஆண்டிபயாட்டிக் எதற்கு? (நிபோங் திபால்)

இரண்டும் வைரஸ் நோய், வைரஸை அந்த மருந்து தொடாது. புண்ணில் வேறு கிருமி ஏறினால் மட்டும் டாக்டர் கொடுப்பார். மலேசியாவுக்குத் தோல் கழலை 2021இல்தான் வந்தது. அதற்குத் தடுப்பூசிதான் வழி.

குர்பானிக்கு ஒரு காளை பேசி முடித்தோம். பத்து நாளைக்கு முன் காய்ச்சலுக்கு ஊசி போட்டதாக இப்போது சொல்கிறார்கள். அறுக்கலாமா? (ஜார்ஜ்டவுன்)

பாய், என்ன ஊசி என்று பெயரைக் கேளுங்கள். புட்டியின் சீட்டில் கறிக்கான காத்திருப்பு நாள் அச்சிட்டிருக்கும். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக்கில் 28 நாள் கேட்கும் தயாரிப்புகள் உண்டு. அப்படியானால் பத்து நாள் போதாது. பெருநாள் தேதியைத் தள்ள முடியாது, மாட்டைத்தான் மாற்ற வேண்டும். புட்டியைக் காட்ட முடியாது என்றால் அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு வேறு காளை பாருங்கள். நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தேறிவிட்ட காளையிலும் மருந்து நிற்கும் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மருந்து உடம்பு முழுக்க ஒரே அளவாகத் தங்காது. இதே மருந்துக்குக் கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்குத் தசையில் 200 மைக்ரோகிராம், ஈரலில் 600, சிறுநீரகத்தில் 1,200. ஊசி குத்திய இடத்துச் சதையில் இன்னும் நாள்பட நிற்கலாம். அடுத்த வருடம் முன்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

'ஆண்டிபயாட்டிக் இல்லாத இறைச்சி' என்று விலை கூட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? எப்படியும் நன்றாக வேகவைத்தால் எல்லாம் போய்விடாதா? (உணவுக்கடைச் சமையற்காரர், பிறை)

அந்த வாசகம் இரண்டு அர்த்தத்தில் வரும். கறியில் மருந்து மிச்சமில்லை என்பது ஒன்று. காத்திருப்பு நாளை மதித்து அறுத்த எந்த மாட்டிலும் மிச்சம் வரம்புக்குள் இருக்க வேண்டும், அதற்குத் தனி விலை எதற்கு? பிறந்ததிலிருந்து மருந்தே கொடுக்கவில்லை என்பது மற்றொன்று. நோய் வந்த மாட்டுக்கு மருந்து கொடுக்காமல் விடுவது பாவம் என்பது என் கட்சி. கொழுக்க வைக்க, நோயில்லாத மந்தைக்குத் தீவனத்தில் கலந்து கொடுப்பதுதான் தப்பு. அதை நிறுத்தச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வழிகாட்டியே வெளியிட்டது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மலேசியா 2019இல் தடை செய்தது.

வேகவைப்பதைப் பற்றி: மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்கு அடங்கும். அரைத்த இறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். உங்கள் குழம்பு கொதிப்பதால் அங்கே பயமில்லை. நான் பயப்படுவது பலகைக்குத்தான். பச்சைக் கறி வெட்டிய அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்குவதை எத்தனையோ கடையில் பார்த்திருக்கிறேன். தனிப் பலகை வாங்க முடியாவிட்டால் வெள்ளரிக்காயை முதலில் நறுக்குங்கள், கறியைப் பிறகு.